லொறி ஸ்பிரிங் பட்டையில் மண் அணைக்கும் கலப்பை

உருளைக்கிழங்குச் செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண் அணைத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகிவிடும், அதைச் சாப்பிட முடியாது. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் எங்கள் சரிவு நிலத்தில் இந்த வேலையை மண்வெட்டியால்தான் செய்துவந்தோம். வீட்டில் 7 குதிரைவலுச் சின்னக் கை டிராக்டர் இருந்தும், அதோடு வந்தது சுழல் கத்தி மட்டும். அப்புறம்தான் பழைய இரும்புக் கடையில் கிடந்த சாமான்களை வைத்து ஒரு கலப்பை செய்தேன். வெல்டிங் கொஞ்சம் தெரிந்தால் நீங்களும் செய்யலாம்.

கடையில் தேட வேண்டியவை: லொறி ஸ்பிரிங் கட்டின் அடியில் இருக்கும் இரண்டு குட்டைப் பட்டைகள் (தண்டுக்கானது 70 செ.மீ.க்குக் குறையாமல்), 40 மி.மீ. ஆங்கிள் இரும்பு இரண்டு அடி, 3 மி.மீ. தகடு கொஞ்சம், பழைய கேட் கீல் இரண்டு. குட்டைப் பட்டையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அதில் வளைவு குறைவு, நடுவில் துளையும் தயாராக இருக்கும். குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை போல் விரிசல் தட்டுப்பட்டால் அந்தப் பட்டை வேண்டாம்.

இனி, ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஸ்பிரிங் பட்டையை நேராகச் சட்டத்தில் வெல்டு பண்ணாதீர்கள். நான் பண்ணினேன். பார்க்க அழகாகத்தான் பிடித்திருந்தது. இரண்டாவது சாலிலேயே, வெல்டுக்கு ஒட்டினாற்போல் ‘டக்’ என்று போனது. உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால் வளைந்த தடமே இல்லை, கற்கண்டை உடைத்தது போல் சாம்பல் நிறத்தில் மணி மணியாக இருந்தது. பக்கத்துப் பட்டறை பாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல வெல்டு புடிக்கும் தம்பி, ஆனா நிக்காது” என்றார். ஸ்பிரிங் இரும்பில் கரி அதிகம். வெல்டின் சூடு சட்டென்று ஆறும்போது ஓரம் கண்ணாடி மாதிரி கடினமாகி, அடி பட்டால் விரிசல் விட்டுவிடுகிறது. ஆகவே ஸ்பிரிங்குக்குப் போல்ட், சாதா இரும்புக்கு மட்டும் வெல்டு.

முதலில், டிராக்டரில் மாட்டும் தண்டு. ஒரு பட்டையை, நடுத் துளைக்கு மேலே 12 செ.மீ., கீழே 35 செ.மீ. இருக்கும்படி கிரைண்டரில் வெட்டுங்கள். நடுத் துளைக்கு 6 செ.மீ. மேலே இன்னொரு துளை வேண்டும். அப்படியே டிரில் வைத்தால் பிட்டுதான் தேயும். மிலாறு (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) வைத்துப் பற்றவைத்த கரி நெருப்பில், ஊதி ஊதிக் காந்தம் ஒட்டாத அளவு சிவக்கக் காய்ச்சுங்கள். சூட்டோடு சுத்தியலால் தட்டி வளைவை நிமிர்த்திவிட்டு, திரும்பவும் சிவக்க வைத்து, காய்ந்த சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க விடுங்கள். தண்ணீரில் போடவே கூடாது. காலையில் டிரில் சாதாரணமாக இறங்கும்.

தண்டின் அகலம் ஓடும் திசையில் இருக்க வேண்டும், மெல்லிய ஓரம் முன்னால் பார்க்க வேண்டும். டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் பெட்டியை அளந்து, அதற்குள் நுழையும் இரண்டு கன்னத் தகடுகளுக்கு நடுவே தண்டைப் போல்ட் போடுங்கள். நடுத் துளைக்குத் தலையில் 8.8 என்று பொறித்த பலமான போல்ட். மேல் துளைக்கு 4.6 ரகத்தில் சாதா 6 மி.மீ. போல்ட். நம் மண்ணில் கல் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. கலப்பை கல்லில் மாட்டினால் மேல் போல்ட் அறுந்து தண்டு பின்னால் மடங்கிக்கொள்ளும், கியர் பெட்டி தப்பிக்கும். அந்த இடத்தில் பலமான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். சட்டைப் பையில் சாதா போல்ட் நாலைந்து இருக்கட்டும்.

மண்ணைக் கிழிக்கும் மூக்குக்கு இரண்டாவது பட்டை. இதைக் காய்ச்ச வேண்டாம், கடினம் அப்படியே இருக்கட்டும். 24 செ.மீ. நீளத்தில், துளை நடுவில் வரும்படி வெட்டி, இரண்டு முனையையும் கூராக்குங்கள். கிரைண்டர் பிடிக்கும்போது இடையிடையே ஆறவிடுங்கள், இரும்பு சிவக்கக் கூடாது. ஆங்கிள் இரண்டையும் தண்டின் அடியில் இரு பக்கமும் சாய்வாகப் போல்ட் பண்ணி, 6 செ.மீ. கீழே நீட்டிவிடுங்கள். நடுவில் விழும் இடைவெளி வழியாக மூக்கின் போல்ட் போகும். மூக்கு தரையோடு சுமார் 40 பாகை சாய்ந்து நிற்கட்டும். அது சுற்றாமல் இருக்க, ஆங்கிளில் இரு பக்கமும் சிறு துண்டு வெல்டு பண்ணி அணை கொடுங்கள்.

மண்ணை இரு பக்கமும் ஒதுக்கும் சிறகுகள் சுலபம். 30க்கு 20 செ.மீ. தகடு இரண்டு, ஆங்கிளின் வெளி ஓரத்தில் கேட் கீலால் பொருத்துங்கள். பின்னால் துளை வரிசை போட்ட குறுக்குப் பட்டை இருந்தால் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. என்றால் 35 செ.மீ. விரிப்பு எனக்குச் சரியாக வருகிறது. கீலோ தகடோ துத்தநாகம் பூசியதென்றால், வெல்டு பண்ணும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில் பண்ணுங்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலையே கொண்டுவரும்.

வயலில் இறக்குமுன் சுழல் கத்தியைக் கழற்றி இரும்பு வீல் மாட்டுங்கள். வெளி அகலம் 45 செ.மீ.க்குள் இருந்தால்தான் செடியை மிதிக்காமல் சாலுக்குள் ஓடும். சரிவுக்குக் குறுக்கேதான் ஓட்ட வேண்டும். மேலிருந்து கீழாகச் சால் போட்டால், அடுத்த மழையில் மேல்மண் கானோடு (வடிகாலோடு) போய்விடும். சாலின் முனை கானைப் பார்த்து லேசாக இறங்கினால் போதும்.

பக்கத்துக்கு ஒரு கிளட்ச் உள்ள மெஷினா? இறக்கத்தில் கவனம். சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அந்த வீல் பிடிப்பு விட்டு வேகமாக உருளும், மெஷின் வலப்பக்கம் பாயும். இறங்கும்போது கிளட்சைத் தொடாமல், மெதுவான கியரில், கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும்.

மூக்கின் ஒரு முனை தேய்ந்தால் போல்ட்டைக் கழற்றி மறு முனையைக் கீழே திருப்பிப் போடுங்கள். என்னுடையது இப்போது இரண்டாவது முனையில் ஓடுகிறது.