மைக்ரோவேவ் பெட்டி: எதற்கெல்லாம் பாவிக்கலாம், எங்கே பிழைக்கும்

கனடாவில் இருக்கும் தங்கை கப்பலில் போட்ட பார்சல் கிளிநொச்சி வந்து சேர மூன்று மாதம் ஆனது. சொக்லேற், சவர்க்காரம், பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு துவாயால் சுற்றியபடி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டப் பிளாஸ்ரிக் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் திறந்து மூடக்கூடிய சின்ன ஆவித் துவாரம். “மைக்ரோவேவுக்க வச்சுச் சமைக்கிற பெட்டி அக்கா. அலுமாரிக்க அடுக்கி வைக்காமப் பாவியுங்கோ” என்று வட்ஸ்அப்பில் குரல் வந்தது.

அலுமாரியில் அடுக்கி வைப்பதா, நாங்களா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலை விளக்காக்கிய ஊர் இது. இங்கே பால்மா ரின் அரிசி அளக்கும், ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தையல் நூல் இருக்கும். எதையும் ஒரே வேலைக்கு வைத்திருக்க எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று பெட்டிகளும் சோறு அவித்தன, மீனை உறைய வைத்தன, பயறு முளைக்கவிட்டன, விதை காத்தன. அதோடு சேர்த்து நாங்கள் விட்ட பிழைகளும் நிறைய. ஒரு பெட்டி போயே போய்விட்டது, இன்னொன்று குசினியை விட்டே வெளியேறிவிட்டது.

முதலில், போன பெட்டியின் கதை. மாமிக்கு வறுத்த கச்சான் என்றால் உயிர். அடுப்பில் மணல் போட்டு வறுக்கப் பஞ்சிப்பட்டு, உரித்த கச்சானை நடுப் பெட்டியில் கொட்டி ஐந்து நிமிடத்துக்கு வைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் மாமி வாசலில் நின்று, “பிள்ளை, உது கச்சான் மணமில்லை, பொலித்தீன் எரியிற மணம்” என்றா. திறந்து பார்த்தால் கச்சான் கிடந்த இடமெல்லாம் பெட்டியின் அடி குழி குழியாக வெந்து, சில பருப்புகள் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக் கிடந்தன.

மைக்ரோவேவில் சூடாவது பெட்டி இல்லையே, சாப்பாடு மட்டும்தானே என்று நான் நினைத்திருந்தேன். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. உள்ளே வரும் அலை முக்கியமாகச் சாப்பாட்டில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையை ஒட்டியே நிற்கும், அதற்கு மேல் ஆவியாகப் போய்விடும். எண்ணெய்க்கும் சீனிக்கும் அந்த எல்லை இல்லை. கச்சானில் ஏறக்குறைய பாதி எண்ணெய். இருக்கிற கொஞ்ச ஈரமும் போன பிறகு சூடு ஏறிக்கொண்டே போகும். இப்படியான பெட்டிகளைப் பெரும்பாலும் செய்யும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் ஏறத்தாழ 160 பாகையில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். பிறகு ஏன் ஒட்டாது?

அதே காரணத்தால்தான் இறைச்சிக் கறியைச் சூடாக்கிய பெட்டியில், எண்ணெய் மிதந்த மட்டத்தில் சுற்றிவர வெள்ளையாக ஒரு சுரசுரப்பான கோடு விழுகிறது. அது கழுவிப் போகும் அழுக்கில்லை, பிளாஸ்ரிக் அரிபட்ட இடம். கச்சான் வறுக்க, சக்கரை உருக்க, எண்ணெய் மிதக்கும் கறி சூடாக்க எல்லாம் பீங்கான் கோப்பையோ சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரமோதான் வேண்டும். பிளாஸ்ரிக் பெட்டியை ஈரமான சாப்பாட்டுக்கு விட்டுவிடுங்கள். புட்டு, இடியப்பம், சோறு, அவித்த மரக்கறி, இவைதான் அதன் வேலை.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் எங்களில் பலருக்கு இல்லை. அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 5 என்றால் மேலே சொன்ன பொலிபுரொப்பிலீன். 6 என்றால் பொலிஸ்ரைரீன், 2017 செப்டெம்பரில் இலங்கையில் தடைசெய்த ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி அந்த இனம்தான். அதை உள்ளே வைக்கவே கூடாது. 5 இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. ஐஸ்கிரீம் பெட்டியிலும் 5 இருக்கலாம், ஆனால் அது குளிருக்கென்று மெல்லிசாகச் செய்தது, சூட்டில் நெளிந்துவிடும். அலை அலையாகக் கோடு போட்ட குறியோ, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற எழுத்தோ இருக்க வேண்டும். மூடியைத் தனியாகப் பாருங்கள். பெட்டிக்கு அந்தக் குறி இருந்து மூடிக்கு இல்லாமல் போவது சாதாரணம். ‘பிபிஏ இல்லை’ என்று ஒட்டியிருப்பது வேறு சங்கதி. பிபிஏ என்பது சில பிளாஸ்ரிக்குகளில் சேரும் ஓர் இரசாயனம், அதற்கும் சூடு தாங்குவதற்கும் தொடர்பில்லை.

கடையில் வாங்கிய சோத்துப் பார்சலை லஞ்ச் சீற்றோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்குவதும் அதே பிழை. பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்து என்ன, சோற்றைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த மெல்லிய பொலித்தீன் தாள்.

கைக்குழந்தைகளின் பாலும் சாப்பாடும் என்றால் பிளாஸ்ரிக்கே வேண்டாம் என்பேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2018 இல் அப்படித்தான் சொன்னது, முடிந்தவரை பிளாஸ்ரிக்கில் வைத்து மைக்ரோவேவ் செய்யாதீர்கள் என்று. போதாததற்கு, போத்தல் கைக்குக் குளிராகவே இருக்கும், நடுவில் பால் கொதிக்கும். சுடுதண்ணீருக்குள் போத்தலை இறக்கி வைக்கும் பழைய முறைக்கு என்ன குறை?

இனிச் சோறு. இந்தப் பெட்டியில் சோறு நன்றாகவே வரும். ஒரு பேணி வெள்ளை அரிசிக்கு இரண்டு பேணி தண்ணீர், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், பிறகு மூடி திறக்காமல் ஐந்து நிமிடம். சிவப்பு நாட்டரிசிக்குத் தண்ணீரும் நேரமும் கூட வேண்டும். முதல் தரம் எல்லோரும் விடும் பிழை, பெட்டி நிறையப் போடுவது. அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போனால் கஞ்சி பொங்கி, ஆவித் துவாரத்தால் வழிந்து, சுழலும் கண்ணாடித் தட்டெல்லாம் பசையாகிவிடும். அதைத் துடைக்கிற நேரத்துக்கு விறகடுப்பில் இரண்டு தரம் சோறு காய்ச்சியிருக்கலாம். பின்னேரங்களில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும், அந்த நேரம் பன்னிரண்டு நிமிடக் கணக்கு செல்லாது. சோற்றைப் பார்த்துத்தான் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

மிஞ்சின சோறுதான் பெரிய வில்லங்கம். மத்தியானம் சமைத்ததை அதே பெட்டியில் மூடி, மேசையிலேயே விட்டுவிட்டு, இரவு மைக்ரோவேவில் ‘நல்லாச் சூடாக்கினால் சரி’ என்று பலர் நினைக்கிறார்கள். சரியில்லை. அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. எங்கள் வெக்கையில் மூடிய பெட்டிக்குள் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது, வாந்திதான் மிச்சம். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சோற்றை அகலப் பரப்பி ஆறவிட்டு பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும்.

சூடாக்கும்போது சோற்றை மலைபோலக் குவிக்காமல் நடுவில் குழி விடுங்கள். அலை சாப்பாட்டுக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் நன்றாக இறங்கும். குவியலின் வெளிப்பக்கம் காய, நடு பச்சைத் தண்ணீராக இருப்பது அதனால்தான். சதுரப் பெட்டியில் மூலைகள் பல பக்கத்தாலும் சூடு வாங்கிக் காய்ந்துபோகும். வட்டப் பெட்டி நல்லது என்பது அழகுக்காகச் சொல்லும் பேச்சில்லை. இடியப்பத்துக்கும் புட்டுக்கும் கையால் தண்ணீர் தெளித்து, துவாரத்தைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் போதும். சொதியை முழு வேகத்தில் வைத்தால் பால் திரைந்துவிடும், பாதி வேகத்தில் வைத்து இடையில் ஒருதரம் கலக்குங்கள்.

துவாரத்தை மூடிவிட்டு, நான்கு பக்கக் கொளுவியையும் இறுக்கிப் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவிக்கு வழியில்லாவிட்டால் மூடி படாரென்று பறக்கும். பறக்காவிட்டால் இன்னும் மோசம், திறக்கிறவரின் முகத்தில் அடிக்கும். கோதோடு முட்டை வைப்பதும் அதே வெடிதான். மூடியை எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்குங்கள்.

வன்னிக்காரர் தனியாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று மரவள்ளி. அம்மம்மா மரவள்ளிக் கிழங்கை எப்போதும் நிறையத் தண்ணீர் விட்டு, மூடி போடாமல் அவிப்பா. ஏனென்று கேட்டால், “நஞ்சு போக வேணும்” என்பா, அவ்வளவுதான். மரவள்ளியில் சயனைட்டை விடும் பொருள் உண்டு. வெட்டி அவிக்கும்போது அதில் பெரும்பங்கு தண்ணீரில் கரையும், ஐதரசன் சயனைட்டாக மாறியது ஆவியோடு போகும். 26 பாகையிலேயே அது கொதித்து ஆவியாகும் சாமான். இதே கிழங்கை இரண்டு கரண்டி தண்ணீரோடு பெட்டியில் போட்டு மூடி ஆவியில் வேகவைத்தால், போக வேண்டியதெல்லாம் உள்ளேயே நிற்கும். உருளைக்கிழங்குக்குச் சொல்லும் செய்முறையை மரவள்ளிக்குப் போடாதீர்கள். அதற்குப் பெரிய சட்டி, திறந்த வாய், அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவது, அதுதான் முறை.

நந்திக்கடல் இறால் மலிவாக வரும் நாட்களில் பெரிய பெட்டியில் நிறைத்து உறைய வைப்போம். இங்கே இரண்டு பிழை நடக்கும். உறைந்த பெட்டியை வெளியே எடுத்து மேசையில் டக்கென்று வைப்பது ஒன்று. பொலிபுரொப்பிலீன் குளிரில் நொய்ந்துவிடும், மூலை தெறிக்கும். மைக்ரோவேவில் உருகவைத்துவிட்டு, “பின்னேரம் சமைப்பம்” என்று விடுவது மற்றது. ஓரத்தில் இறால் அரைவாசி வெந்திருக்கும், அந்தச் சூட்டில் கிருமி பெருகும். உருக்கினால் உடனே சட்டிக்குள் போக வேண்டும்.

தயிர் முட்டியை அப்படியே மைக்ரோவேவுக்குள் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. வேண்டாம். மண் முட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், அந்த ஈரம் கொதித்தால் முட்டி கை சுடச் சூடாகும், பிளக்கவும் கூடும்.

சமையலுக்கு வெளியே இந்தப் பெட்டிகள் செய்யும் வேலை கொஞ்சமில்லை. முளைப்பயறுக்கு ஆவித் துவாரம் உள்ள மூடி சொல்லி வைத்த மாதிரி. உழுந்து விதை, கச்சான் விதை போட்டு வைக்கவும் நல்லது, ஆனால் நன்றாகக் காயாத விதையைப் போட்டு இறுக்கி மூடினால் பத்து நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கருவேப்பிலை காயவைக்க ஆசைப்பட்டால் பெட்டி வேண்டாம். கோப்பையில் தாள் விரித்து அரை நிமிடம் அரை நிமிடமாக வையுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். காய்ந்த இலை தீப்பிடிக்கும்.

மைக்ரோவேவின் உள்பக்கம் அழுக்கென்றால் பெட்டியில் தண்ணீரும் பாதித் தேசிக்காயும் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் கறை இளகிவிடும். ஆனால் கவனம், வழுவழுப்பான பாத்திரத்தில் தண்ணீர் குமிழி விடாமலே கொதிநிலையைத் தாண்டி நிற்கக்கூடும், தொட்டதும் பொங்கி அடிக்கும். ஓர் ஈர்க்குத் துண்டை உள்ளே போட்டுவிட்டால் குமிழி அதில் பிடித்துக் கொதிக்கும்.

குசினியை விட்டுப் போன பெட்டி சின்னது. ஒருநாள் வயலுக்குக் களைநாசினி அடிக்கப் போன என் வீட்டுக்காரர், அளவுப் பேணியைக் காணவில்லை என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மற்றப் பாத்திரங்களோடு கவிழ்த்தும் வைத்திருந்தார். நான் கண்டது தற்செயல். உள்ளே கத்திக் கீறல்கள் இருந்தன, அதற்குள் போன மருந்தை எந்தச் சவர்க்காரம் எடுக்கும்? “மூண்டு தரம் கழுவினனான் அப்பா” என்றார். முப்பது தரம் கழுவினாலும் அது இனி மருந்துப் பெட்டிதான். சிவப்புப் பெயின்ரால் ‘மருந்து’ என்று எழுதி, மோட்டர்க் கொட்டிலில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். ஆணி, பசை, பெயின்ற், மண்ணெண்ணெய், எதற்கென்றாலும் பெட்டியைக் கொடுங்கள். கொடுத்தால் கொடுத்ததுதான், அது திரும்பிக் குசினிக்குள் வரக்கூடாது.

மிச்சம் இருப்பது பெரிய பெட்டி ஒன்றுதான். கறிச் சூட்டில் மஞ்சள் பிடித்துப் போயிருந்தது. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீருக்கு அசையாது, அதனால்தான் தேய்த்துத் தேய்த்தும் போகாது. கம்பிப் பஞ்சால் உரஞ்சுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை, கீறலுக்குள் அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்கும். வெயில் போதும். இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்தால் மஞ்சள் தானாக வெளிறிவிடும். நானும் பெட்டியையும் மூடியையும் கிணற்றுக்கட்டில் காயவைத்தேன். பெட்டி வெளிறித்தான் இருந்தது. மூடியைக் குரங்கு கொண்டு போய்விட்டது. பாலை மரத்து உச்சியில் இருந்து ஆவித் துவாரத்தைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து மூடிக்கொள்கிறேன், ஆவி ஓரத்தால் போகிறது, சோறு முன்னைவிட நன்றாகவே வருகிறது.