பூர்வகுடிகளின் கடலில் தொழில்நுட்பம்: கூட்டுச் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 ஜூலையில், கனடாவின் மேற்குக் கரையில் உள்ள ஹைடா குவாய் தீவுகளுக்கு வெகு அப்பால், வாடகைக்கு எடுத்த மீன்பிடிக் கப்பல் ஒன்று சுமார் 100 டன் இரும்பு சல்பேட்டைக் கடலில் தூவியது. கடலைக் கெடுக்க நினைத்தவர்கள் யாரும் அந்தத் திட்டத்தில் இல்லை. அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ஹைடா மக்களின் ஓல்ட் மாசெட் என்ற கிராமம் வாக்கெடுப்பு நடத்தி, 25 லட்சம் டாலர் அளவுக்குப் பணம் போட்டிருந்தது. இரும்பு விழுந்தால் நுண்பாசி பெருகும், பாசி பெருகினால் குறைந்துபோன சால்மன் திரும்பி வரும், பாசி உறிஞ்சிய கரியமில வாயுவைக் காட்டிக் கார்பன் கிரெடிட் என்ற சான்றை விற்றால் போட்ட பணமும் கைக்கு வரும். அமெரிக்கத் தொழில்முனைவர் ரஸ் ஜார்ஜோடு சேர்ந்து கிராமத்தின் நிறுவனம் போட்ட கணக்கு இது.

பாசி என்னவோ பெருகத்தான் செய்தது. செய்தி வெளியே வந்ததும் உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. ஹைடா மக்கள் எல்லோருக்குமான ஆட்சி மன்றம் இந்தத் திட்டத்திலிருந்து விலகி நின்றது. 2013-இல் அரசின் சுற்றுச்சூழல் அதிகாரிகள் நிறுவனத்தின் அலுவலகத்தில் சோதனை நடத்தினார்கள். ரஸ் ஜார்ஜ் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு, கடலில் இப்படிப்பட்ட சோதனைகளைக் கட்டுப்படுத்த, கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்பாடான லண்டன் நெறிமுறையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். பிறகு சால்மன் வரத்து நன்றாக இருந்த ஆண்டைக் காட்டி இரும்புதான் காரணம் என்று சிலர் சொன்னாலும், அப்படி முடிச்சுப் போட ஆதாரம் போதவில்லை.

கடலை நம்பி வாழும் பூர்வகுடி மக்களின் தொழில்களும் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனங்களும் கைகோக்கும் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. நோக்கம் நல்லதுதான். நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு ஓல்ட் மாசெட்டைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே நடந்த பிழைகளும், அதே நாட்டின் கிழக்குக் கரையில் மிக்மாக் மக்களின் கடலில் நடந்தவையும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

கையெழுத்துப் போட்டது யார்?

ஒரு கிராமத்தின் நிறுவனம் சம்மதித்தால் இனம் முழுதும் சம்மதித்ததாகிவிடாது. ஹைடாக்களுக்குப் பொதுவான மன்றம் உண்டு, கிராம சபைகள் உண்டு, பரம்பரைத் தலைவர்கள் உண்டு. கடல் யாருடைய பொறுப்பு, யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குள் தெளிவாகவே இருக்கும். வெளியிலிருந்து வரும் நிறுவனத்துக்குத்தான் அதைக் கேட்டறியப் பொறுமை இருப்பதில்லை. சீக்கிரம் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டு, 'பூர்வகுடிக் கூட்டாளி கிடைத்துவிட்டார்' என்று அறிக்கை விடுகிறார்கள். பின்னால் பிளவு வரும்போது அடிபடுவது நிறுவனமல்ல, கிராமம். பணம் போட்டவர்களும் அவர்கள்தான், ஊருக்குள் முகம் கொடுத்து வாழ வேண்டியவர்களும் அவர்கள்தான்.

கார்பன் கிரெடிட் போன்ற வருமானத்தை நம்பி ஊர்ப் பணத்தைப் போடச் சொல்வது இதைவிட மோசம். வாங்குபவர் யார், எந்தத் தரச்சான்றின் கீழ் விற்பனை, அனுமதி தர வேண்டிய அதிகாரி யார் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை ஊர்ப் பணம் ஒரு காசும் நகரக் கூடாது. ஆபத்தான சோதனைக்கு முதல் பணம் தொழில்நுட்ப நிறுவனத்தின் பையிலிருந்துதான் வர வேண்டும்.

கூப்பிட்டால் வரும் விருந்தாளி அல்ல

1993-இல் கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவில் டொனால்ட் மார்ஷல் ஜூனியர் என்ற மிக்மாக் மனிதர் 463 பவுண்டு விலாங்கு மீனைப் பிடித்து 787 டாலருக்கு விற்றார். உரிமம் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 1999 செப்டம்பர் 17 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: பிரிட்டிஷ் அரசோடு செய்த 1760-61-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி, மிதமான வாழ்வாதாரம் ஈட்டும் அளவுக்கு மீன் பிடித்து விற்க மிக்மாக் மக்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து கரையோரத்தில் பல ஆண்டுகள் மோதல். 2020-இல்கூட மிக்மாக் மீனவர்களின் சிங்கி இறால் வைத்திருந்த கிடங்கு ஒன்று எரிந்தது.

இந்த வரலாறு தெரியாமல், அவர்களை மீனவர் சங்கம், சுற்றுலாத் துறை, துறைமுகம் என்ற வரிசையில் இன்னொரு 'பங்குதாரர்' என எழுதுவது பெரிய தவறு. மற்றவர்களிடம் கருத்துக் கேட்கலாம். உரிமை உள்ளவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. மானிய விண்ணப்பம் எழுதி முடித்த பிறகு, கடைசி வாரத்தில் ஆதரவுக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

அவர்களிடம் முதலீடு இருக்காது என்று நினைப்பதும் பழைய எண்ணம். மெம்பர்டூ, மியாவ்புகெக் என்ற இரு சமூகங்கள் முன்நின்று, மொத்தம் ஏழு மிக்மாக் சமூகங்கள் சேர்ந்து, பிரீமியம் பிராண்ட்ஸ் என்ற உணவு நிறுவனத்தோடு சரிபாதியாக, 2021 ஜனவரியில் கிளியர்வாட்டர் சீஃபுட்ஸ் என்ற மாபெரும் கடலுணவு நிறுவனத்தையே வாங்கினார்கள். மொத்த மதிப்பு சுமார் 100 கோடி கனடிய டாலர். தங்கள் பங்குக்கு 25 கோடியை முதற்குடிகளின் (கனடாவில் பூர்வகுடி இனங்களுக்கு வழங்கும் பெயர்) சொந்த நிதி ஆணையத்திடமிருந்து 30 ஆண்டுக் கடனாகப் பெற்றார்கள். நியூசிலாந்திலும் மீன்பிடி உரிமை குறித்து அரசோடு செய்த 1992 உடன்படிக்கைக்குப் பிறகு, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் சீலார்ட் என்ற மீன்பிடி நிறுவனத்தின் பாதிக்கு உரிமையாளர்கள். சாதாரண வலைக்குப் பதிலாக, மீன்கள் நசுங்காமல் நீந்தியபடியே மேலே வரும் குழாய் வடிவச் சாதனத்தை உருவாக்கிய திட்டத்தில் மாவோரி நிறுவனங்கள் முதலீட்டாளர்களாகவே இருந்தன. இத்தகையவர்களிடம் 'உங்களுக்குப் பயிற்சி தருகிறோம்' என்று பேச்சைத் தொடங்குவது அறியாமை.

தரவு யார் கையில்?

என்னைக் கேட்டால், பெரும்பாலான கூட்டுகள் உடையப்போவது இந்த இடத்தில்தான்.

மீனின் வயிற்றில் சிறிய ஒலி டேக் ஒன்றை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அது தன் அடையாள எண்ணை ஒலியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கடலடியில் கட்டி வைத்த ரிசீவர் அதைக் கேட்டுப் பதிவு செய்யும். இந்தத் துறையில் நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் நகரம் உலகப் புகழ் பெற்றது. டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் இயங்கும் கடல் கண்காணிப்பு வலையமைப்பு அங்கேதான் இருக்கிறது. அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனால் விலாங்கு எந்த ஆற்றில் எந்த நாளில் நுழைகிறது என்ற தகவல் வெறும் அறிவியல் தகவல் அல்ல. கண்ணாடி போன்ற விலாங்குக் குஞ்சு ஆசியாவின் பண்ணைகளுக்கு உயிரோடு ஏற்றுமதியாகிறது. கிலோவுக்கு 5,000 டாலர் வரை விலை போயிருக்கிறது. திருட்டும் வன்முறையும் தாங்காமல் 2023-இல் அரசு பருவத்தின் நடுவிலேயே அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. 2024-இல் திறக்கவே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் 'திறந்த தரவு' என்று சொல்லி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டால், வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரிதான்.

தங்களைப் பற்றிய தரவுக்காக உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கு கொள்கைகளைக் கனடாவின் முதற்குடிகள் 1998-லேயே வகுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இவற்றைப் பொதுவாகக் குறிப்பிட்டால் போதாது. சர்வர் எங்கே இருக்கும், கடவுச்சொல் யாரிடம், ஆய்வுக் கட்டுரை வெளியாகுமுன் யார் படித்துப் பார்ப்பார்கள், நிறுவனம் விற்கப்பட்டால் புதிய முதலாளிக்குத் தரவும் சேர்ந்து போகுமா என்பதுவரை எழுத வேண்டும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தொழில்நுட்ப நிறுவனங்கள் கைமாறுவதோ அன்றாடம் நடக்கிறது.

பெரியவர்களின் அறிவு ஊறுகாய் அல்ல

மிக்மாக் பெரியவர்கள் ஆல்பர்ட் மார்ஷலும் முர்டீனா மார்ஷலும், உயிரியலாளர் ஷெரில் பார்ட்லெட்டும் 2004-இல் 'இரு கண் பார்வை' என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் வலிமையையும், மறு கண்ணால் மேற்கத்திய அறிவியலின் வலிமையையும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. இன்று இந்தச் சொல் எல்லா அறிக்கைகளிலும் இருக்கிறது. நடைமுறையில் என்னவென்றால், சென்சார் எங்கே வைப்பது என்று முடிவு செய்த பிறகு ஒரு பெரியவரை அழைத்துப் பேட்டி எடுத்து, அறிக்கையின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுகிறார்கள். அப்படிப் பார்ப்பதற்கு ஒரு கண்தான் தேவை.

அறிவைக் கொடுத்தவருக்குச் சம்பளம் உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பொறியாளருக்கு நாள் கூலி கொடுத்துவிட்டு, 50 ஆண்டு கடலில் இருந்தவருக்குத் தேநீரும் நன்றியும் மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

போகும்போது எதை விட்டுப் போகிறீர்கள்?

நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய ஃபண்டி வளைகுடாவில் ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) 16 மீட்டர் வரை ஏறும். அதில் மின்சாரம் எடுக்க, 2018 ஜூலையில் ஓபன்ஹைட்ரோ நிறுவனம் பிரம்மாண்டமான சுழலி ஒன்றைக் கடலடியில் இறக்கியது. சில நாட்களிலேயே அதன் பிரெஞ்சுத் தாய் நிறுவனம் இனிப் பணம் போட மாட்டோம் என்று கைவிரித்தது. ஓபன்ஹைட்ரோ கலைப்புக்குப் போனது. உடைந்துபோன சுழலி எடுக்க ஆளில்லாமல் கடலடியிலேயே நின்றுவிட்டது. இது பூர்வகுடிக் கூட்டுத் திட்டம் அல்ல. ஆனால் அது மிக்மாக் மக்களின் கடல், அவர்களும் மற்ற மீனவர்களும் தொழில் செய்யும் இடம்.

ஆகவே, கருவியை வெளியே எடுக்கும் செலவுக்கான பணம், அதை இறக்குவதற்கு முன்பே மூன்றாம் தரப்பிடம் இருக்க வேண்டும். சிறிய கருவிகளுக்கும் இதே கதைதான். ரிசீவரை வெளியே எடுத்தால்தான் பல வகைகளில் தரவு கிடைக்கும். பேட்டரி மாற்ற வேண்டும், கயிறு அறுந்தால் தேட வேண்டும். மூன்றாண்டு மானியம் முடிந்த பின் படகு வாடகை யார் தருவார்கள்? ஊர் இளைஞர்களுக்கு அதைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் நகரத்துக்கு அனுப்ப வேண்டுமா?

ஒழுங்காகத் தொடங்கிய ஒன்றும் இதே கடலில் இருக்கிறது. 'ஒருவருக்கொருவர் உதவுகிறோம்' என்று பொருள்படும் மிக்மாக் சொல்லைப் பெயராகக் கொண்ட திட்டத்தில், நோவா ஸ்கோஷியாவின் பிராஸ் டோர் ஏரியிலும் ஃபண்டியிலும் மிக்மாக் அமைப்புகள், மேலே சொன்ன கடல் கண்காணிப்பு வலையமைப்பு, ஓத மின்சார ஆய்வு மையம், மீனவர்கள் எல்லோரும் சேர்ந்து மீன்களின் போக்கைப் பின்தொடர்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை விலாங்கு, சிங்கி இறால், டாம்கோட் என்ற சிறு மீன். அந்த டாம்கோடுக்கு மிக்மாக் மொழியில் புனமு என்று பெயர். ஜனவரி மாதத்துக்கான அவர்களுடைய பெயரே புனமு முட்டையிடும் நிலவு என்பதுதான்.