வட்ஸ்அப்பில் வந்த வெள்ளப் படம்: பகிர முதல் எப்படிச் சரிபார்ப்பது?

"கிளிநொச்சி இரணைமடுக் குளம் உடைப்பெடுத்துவிட்டது, உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு படத்தோடு தகவல் வருகிறது என்று வையுங்கள். அது பொய்யென்றால் பன்னங்கண்டி, முரசுமோட்டைச் சனம் நடுச்சாமத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். உண்மையாக இருந்து நாம் நம்பாமல் விட்டால் அதைவிட ஆபத்து. இப்படியொரு படத்தை இன்று செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி எழுதியே வாங்கிவிடலாம். அதனால் யாழ்ப்பாணத்தில் குடும்பக் குழுக்களில் இருப்பவர்களுக்கும், பேஸ்புக்கில் சிறு செய்திப் பக்கம் நடத்தும் இளையவர்களுக்கும் இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: வந்த வழியைக் கேளுங்கள்

தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவரிடம், "இது உங்களுக்கு ஆர் அனுப்பினது? நேரில கண்டவை ஆரும் இருக்கினமோ?" என்று கேளுங்கள். கிளிநொச்சி வெள்ளச் செய்தி ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து வந்திருந்தால், அவருக்கு அது எங்கிருந்து வந்தது? பொய்களில் பாதி இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

படி 2: படத்தைத் தேடுங்கள்

படத்தைப் போனில் சேமியுங்கள். கூகுள் செயலியில் கமரா அடையாளத்தை அழுத்தி, அந்தப் படத்தைத் தெரிவு செய்யுங்கள். அதே படம் வேறெங்கு வந்திருக்கிறது என்று காட்டும். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் மிகப் பழைய பதிவை முதலில் காட்டச் சொல்லலாம். காணொளி என்றால் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி, திரைப்பிடிப்பு எடுத்து ஒவ்வொன்றையும் தேடுங்கள்.

பல வேளைகளில் அகப்படுவது இன்னொரு நாட்டின் பழைய வெள்ளமாக இருக்கும். பொய் பரவச் செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில் மலட்டு மருந்து கலந்ததாகக் கிளம்பிய கதையை நினைத்துப் பாருங்கள். பரிசோதித்தபோது இருந்தது வெறும் மாப்பொருள். அது தெரியவருமுன் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன.

தேடி ஒன்றும் கிடைக்கவில்லையா? அதனால் மட்டும் படம் உண்மையாகிவிடாது. புதிதாக உருவாக்கிய படத்துக்குப் பழைய பதிவு இருக்காது. ஆனால் உண்மையில் ஒரு குளம் உடைப்பெடுத்தால் பல பேர் பல பக்கத்திலிருந்து படம் எடுப்பார்கள். ஒரேயொரு படம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 3: ஊர்க்கண்ணால் பாருங்கள்

செயற்கைப் படமா என்று அறிய, படத்தில் உள்ளவர்களின் விரல்களை எண்ணச் சொல்லும் ஆலோசனை பழசாகிவிட்டது. விரல் கூடிக் குறையும் பிழையைப் புதிய கருவிகள் பெரும்பாலும் விடுவதில்லை. இடத்தைப் பாருங்கள். கடைப் பலகையில் உள்ள தமிழை வாசிக்க முடிகிறதா, அல்லது எழுத்துப்போலத் தெரியும் கோடுகளா? அரச பலகையில் மூன்று மொழிகளும் உண்டா? வாகன இலக்கத் தகடு நம் நாட்டுத் தகடுதானா? வான்கதவுகளின் அமைப்பு, கட்டின் வளைவு, நிற்கும் மரங்கள் எல்லாவற்றையும் கூகுள் வரைபடத்தில் மக்கள் ஏற்றிய படங்களோடு ஒப்பிடுங்கள். இந்த வேலையில் வெளிநாட்டு நிபுணரைவிட, இரணைமடுக் கட்டில் சைக்கிள் ஓடிய ஒருவர் கெட்டிக்காரர்.

படி 4: குரலை நம்பி முடிவெடுக்காதீர்கள்

2018இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் செயற்கை நுண்ணறிவு வழியாகத் திரையில் தோன்றிப் பேசினார். அது அறிவித்துச் செய்தது. அறிவிக்காமல் செய்பவர்களும் உண்டு. ஆகவே ஓர் அரசியல்வாதியின் முப்பது விநாடிக் குரல் பதிவு வந்தால், முழுப் பேச்சு எங்கே, எந்தக் கூட்டம், என்ன திகதி என்று தேடுங்கள். செய்திப் பக்கம் நடத்துபவர் என்றால், அந்த அரசியல்வாதியின் அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்காமல் போடவே கூடாது.

படி 5: கருவிகளின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

"இது 87 வீதம் செயற்கை" என்று சொல்லும் தளங்கள் பிழைவிடும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களையும் நீக்கிவிடுவதால் ஆராய அதிகம் மிஞ்சாது. எடுத்தவரே கிடைத்தால், படத்தை வட்ஸ்அப்பில் ஆவணமாக (Document) அனுப்பச் சொல்லுங்கள். விவரங்கள் அப்படியே வரும்.

சட்ஜிபிடியிடம் "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டு அமைதியடைய வேண்டாம். தெரியாததையும் தெரிந்ததுபோல எழுதக்கூடியது அது. சிங்களத்தில் வரும் அரச அறிவித்தலை மொழிபெயர்க்க நல்ல உதவி. ஆனால் ஊர்ப்பெயர், திகதி, எண்ணிக்கை மூன்றையும் மூலத்தோடு சரிபார்த்த பிறகே பதிவிடுங்கள்.

படி 6: அழையுங்கள்

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்தப் பகுதிக் கிராம அலுவலரையோ, அங்கு இருக்கும் உறவினரையோ கேட்கலாம். பத்திரிகையின் இலச்சினையோடு செய்தி அட்டை வந்தால், அந்தப் பத்திரிகையின் சொந்தப் பக்கத்தைத் திறந்து அங்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: பொய் என்று தெரிந்தபின்

படத்தைத் திரும்ப அனுப்பாதீர்கள். தேவையென்றால் குறுக்கே பெரிய கோடு போட்டு அனுப்புங்கள். மறுப்பை அதே குழுவில் போடுங்கள், பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அனுப்பியவர் மூத்தவர் என்றால் முதலில் தனியே எழுதலாம்: "பெரியப்பா, அந்தப் படம் பழசாம். நீங்களே குழுவில சொல்லிவிட்டால் நல்லது." நீங்களே பகிர்ந்திருந்தால், இரண்டு நாட்களுக்குள் என்றால் எல்லாருக்குமாக அழிக்கும் வசதி வட்ஸ்அப்பில் உண்டு. அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.