பாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆச்சா? பார்த்துக்கறவங்க பண்ற தப்புங்க

பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா வயசானவங்களுக்கு நிறைய தடவ உடையறது இடுப்புகிட்ட தொடை எலும்புதான். "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா, கட்டு கட்டி பாப்போம்"னு நாலஞ்சு நாள் தள்ளிப்போடறாங்க பாருங்க, அங்கயே தப்பு ஆரம்பிச்சிடுது. உடம்பு இடம் குடுத்தா ஒன்னு ரெண்டு நாளுக்குள்ள பண்ணிடணும், ஏன்னா இதுல ஆளை சாய்க்கறது படுத்தே கிடக்கறதுதான், நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வரும், கால்ல ரத்தம் உறையும், முதுகுல புண்ணு வரும்.

அதே கணக்குதான் ஆபரேஷனுக்கு அப்புறமும். "பாவம், பத்து நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்"னு சொல்லி பிசியோ வந்தா திருப்பி அனுப்பறாங்க. அட, கம்பியும் பிளேட்டும் வைக்கறதே சீக்கிரம் எந்திரிக்கணும்னுதானே? டாக்டர் ஓகே சொன்னா மறுநாளே உக்கார வச்சு, வாக்கர் புடிச்சு நிக்க வைக்கணும். வலிக்கும்தான், அதுக்குத்தான் பாராசிட்டமால மணி பார்த்து குடுக்கறது, கேட்டா மட்டும் குடுக்கறதுன்னு வச்சா மறதி நோய் இருக்கறவங்க கேக்கவே மாட்டாங்க, முகத்த சுளிக்கறத வச்சு நாமதான் கண்டுபிடிக்கணும். மெடிக்கல்ல நீங்களா டைக்ளோஃபெனாக் வாங்கி குடுத்துடாதீங்க, இந்த வயசுல கிட்னிக்கு ஆகாது.

நிறைய பேர் கோட்டை விடறது ராத்திரி குழப்பத்தைதான். நல்லா பேசிட்டு இருந்த பாட்டி திடீர்னு செத்துப்போன தாத்தாவ கூப்பிடுவாங்க, டிரிப்ஸ புடுங்குவாங்க, உடனே புத்தி பேதலிச்சிருச்சுன்னு கைய கட்டறது, தூக்க மாத்திரை கேக்கறது. ரெண்டுமே குழப்பத்த இன்னும் கூட்டும். இது டெலிரியம்னு சொல்ற திடீர் மனக்குழப்பம், பின்னாடி ஏதாவது காரணம் இருக்கும்: யூரின் அடைப்பு, நாலு நாளா மோஷன் போகாதது, வலி, இன்ஃபெக்‌ஷன், ரத்தத்துல உப்பு குறையறது. நர்ஸ்கிட்ட சொல்லி அத தேடச் சொல்லுங்க, வீட்ல விட்டுட்டு வந்த கண்ணாடியையும் காது மிஷினையும் கொண்டுவந்து மாட்டுங்க, தெரிஞ்ச முகம் ஒன்னு பக்கத்துல இருக்கட்டும். இன்னொரு வகை சத்தமே போடாது, எந்நேரமும் மந்தமா கிடப்பாங்க, நாம "சமத்தா தூங்கறாங்க"ன்னு சந்தோஷப்படுவோம். என்ன கேட்டா அதுதான் இன்னும் பயப்பட வேண்டியது.

படுக்கைப்புண்ணுக்கு முதுக மட்டும் பார்த்தா போதாது, குதிகால பாருங்க, ஆபரேஷன் பண்ண கால அவங்க அசைக்கவே மாட்டாங்க இல்லையா, அங்கதான் செவக்கும். கெண்டைக்கால் அடியில தலகாணி வச்சு குதிகால் அந்தரத்துல நிக்கற மாதிரி பண்ணணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பி விடணும், எந்தப் பக்கம் எப்படின்னு நர்ஸ் காட்டுவாங்க. செவந்த இடத்த தேய்க்காதீங்க. நடுவுல ஓட்டை இருக்கற காத்து டியூப் மேல உக்கார வைக்கறதும் வேணாம், சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்த தடுக்கும்.

வீங்கின கால்ல தைலம் போட்டு நீவி விடற பாசக்காரங்க உண்டு. உள்ள ரத்தக்கட்டி இருந்தா அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடலாம். கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லணும். இடுப்பு மூட்டுல பந்து மாதிரி இருக்கற எலும்பு முனைய மாத்தின ஆபரேஷன்னா தரையில உக்கார்றது, சம்மணம் போடறது, இண்டியன் டாய்லெட் எதுவும் டாக்டர் சொல்லாம கூடாது.

சாப்பாடுன்னா வெறும் கஞ்சி, அதையும் படுக்க வச்சே ஊத்தறது, புரை ஏறினா நுரையீரலுக்குத்தான் போகும். நிமிர்த்தி உக்கார வச்சு முட்டை, பருப்பு, மீன் குடுங்க. அடிக்கடி ஒன்னுக்கு வருமேன்னு தண்ணிய குறைக்கறதும், நம்ம சௌகரியத்துக்கு யூரின் டியூப அப்படியே விட்டுடறதும் இன்ஃபெக்‌ஷன நாமளே வரவழைக்கறது (இதயம், கிட்னி பிரச்சனை இருந்தா தண்ணி அளவ டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க).

டிஸ்சார்ஜ் ஆனதும் ரத்தம் உறையாம இருக்கற ஊசிய "தையல்தான் பிரிச்சாச்சே"ன்னு நிறுத்தறவங்க இருக்காங்க, அது நாலஞ்சு வாரம் வரைக்கும்கூட தேவைப்படும். அப்புறம் லேசா விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சிருக்குன்னா எலும்பு அடர்த்தி குறைஞ்சு வலுவிழந்திருக்குன்னு அர்த்தம், அதுக்கு தனி வைத்தியம் இருக்கு, கேக்காம வீட்டுக்கு வந்தா அடுத்த தடவ இன்னொரு இடுப்பு.