ஓட்டு வீட்டைக் கணினியில் கட்டி, கையால் வரைதல்

திண்ணையும் மரத்தூண்களும் சரிந்த ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய வீடு ஒன்றை மனத்திலிருந்து வரைய உட்காருபவர் முதலில் தடுமாறும் இடம் கோணம். தூண்கள் தொலைவை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் அளவு பிசகும்; கூரைச் சரிவு சுவரோடு பொருந்தாது; திண்ணையில் உட்காரவைத்த பாட்டி வாசல் கதவைவிடப் பெரியவராகிவிடுவார். இந்தக் கணக்கை மட்டும் முப்பரிமாண மென்பொருளிடம் விட்டுவிட்டு, கோட்டையும் வண்ணத்தையும் கையிலேயே வைத்துக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். வீட்டின் முப்பரிமாண மாதிரியைக் கட்ட பிளெண்டரும், வண்ணம் சேர்க்கக் கிரிட்டாவும் போதும், இரண்டும் இலவசமானவை.

முதலில், தெரிந்த வீடு ஒன்றின் திண்ணை உயரம், வாசல் கதவின் உயரம், தூண்களுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். மற்ற அளவுகளை அவற்றிலிருந்து ஊகிக்கலாம். பிளெண்டரின் அலகு அமைப்பை இம்பீரியலுக்கு மாற்றினால் அடிக்கணக்கிலேயே வேலை செய்யலாம். சுவருக்கு ஒரு பெட்டி, திண்ணைக்கு ஒரு பெட்டி, தூண்களுக்கு உருளைகள், கூரைக்குச் சாய்ந்த இரண்டு பலகைகள் என்ற அளவோடு நிறுத்திவிட வேண்டும். என் முதல் முயற்சியில் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாக அடுக்கிப் பல நாள்களை வீணாக்கினேன். அதைத் தாளில் படியெடுத்தபோது கிடைத்தது ஒரு கட்டட வரைபடமே தவிர, வீட்டின் ஓவியம் அன்று. சீமை ஓடு அச்சில் அழுத்திச் செய்தது என்பதால், அதன் வரிசைகள் எங்கே ஓடுகின்றன என்று காட்டச் சில இணைகோடுகளைக் கூரைப் பலகையில் போட்டு வைப்பது உதவும். நாட்டு ஓட்டுக்கு அதுவும் வேண்டாம். அதன் அழகே வரிசை கலைந்திருப்பதில்தான் உள்ளது, அந்தக் கலைவைக் கைதான் கொண்டுவர முடியும்.

அடுத்தது கேமரா. இந்த முறையின் பயன் பெரும்பாலும் இங்கேதான் இருப்பதால், இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். கேமராவைத் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் வைத்தால் ஓவியத்தின் அடிவானக் கோடும் அதே 5 அடி மட்டத்தில் அமையும். எனவே கண்மட்டம் 5 அடியாக உள்ள எவரும் அதே தரையில் எவ்வளவு தொலைவில் நின்றாலும் அவருடைய கண்கள் அந்தக் கோட்டின்மேலேயே இருக்கும். 2 அடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்கள் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும். இந்த ஒரு விதி தெரிந்துவிட்டால் மனிதர்களை மாதிரியில் கட்டவே தேவையில்லை. நேராகத் தாளிலேயே வரைந்துவிடலாம். கேமரா லென்ஸின் குவியத் தூரத்தை (ஃபோக்கல் லெங்த்) 35 மில்லிமீட்டருக்கும் 50 மில்லிமீட்டருக்கும் இடையில் வையுங்கள். 24க்குக் கீழே போனால் ஓரத்துத் தூண்கள் இழுபட்டு, பார்ப்பவருக்கு உடனே புகைப்பட நினைவு வந்துவிடும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உச்சியில் குவியும் என்பதால், எக்ஸ் அச்சுச் சுழற்சியைச் சரியாக 90 பாகையில் நிறுத்தி, கூரை சட்டத்துக்குள் வருவதற்கு லென்ஸ் பகுதியில், சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தும் ஷிஃப்ட் ஒய் மதிப்பை மட்டும் மாற்றுங்கள்.

நிழலுக்கு, பிளெண்டரில் வெயிலைப் போல ஒளிதரும் ஒரே ஒரு சன் விளக்கு போதும். புதிதாகச் சேர்த்ததும் அது நேர் கீழ்நோக்கி இருக்கும். 60 பாகை சாய்த்தால் ஒளி தரையோடு 30 பாகைக் கோணத்தில் விழும். சென்னையில் பங்குனித் தொடக்கத்தில் மாலை 4 மணி வெயில் ஏறத்தாழ இந்தக் கோணத்தில்தான் வரும். வீடு மேற்குப் பார்த்ததாக இருந்தால் வெயில் தாழ்வாரத்துக்குள் நுழைந்து தூண்களின் நிழலைச் சுவரில் கிடத்தும். எல்லாப் பொருளுக்கும் ஒரே வெள்ளை நிறம் கொடுத்து, விளிம்புகளைக் கோடாக வரையும் பிளெண்டர் வசதியான ஃப்ரீஸ்டைல் கொண்டு கோடுகள் மட்டும் உள்ள படம் ஒன்று, நிழல் மட்டும் உள்ள படம் ஒன்று என இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 3508க்கு 2480 பிக்சல் வேண்டும். இரண்டு படங்களின் மூலைகளிலும் ஒரே இடத்தில் சிறு சிலுவைக் குறிகள் இருக்கட்டும். பின்னால் ஸ்கேன் செய்ததைப் பொருத்துவதற்கு அவைதான் துணை.

கோட்டுப் படத்தை வெளிர் நீலத்தில் மெல்லிய தாளில் அச்சிட்டு, அடியிலிருந்து ஒளிரும் லைட் பாக்ஸின் மேல் வைத்து, அதன்மீது 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையுள்ள, ஓவியத்துக்கான கார்ட்ரிட்ஜ் தாளைப் பரப்புங்கள். லைட் பாக்ஸ் இல்லாதவர்களுக்குப் பகல் நேரத்து ஜன்னல் கண்ணாடியே போதும், கைதான் சற்று வலிக்கும். சிலுவைக் குறிகளையும், மூலைகள், தூண்களின் அடியும் முடியும், கூரை விளிம்பின் இரு முனைகள் ஆகியவற்றையும் மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு, அச்சுத் தாளை எடுத்துவிடுங்கள். முழுக் கோட்டையும் படியெடுக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் கை வெறும் அச்சுப்பொறியாகிவிடும்.

மையிடும்போது அளவுகோலைத் தொடக்கூடாது. புள்ளிகள் சரியான இடத்தில் இருப்பதால், இடையில் ஓடும் கோடு எவ்வளவு நடுங்கினாலும் வீடு சாயாது. பல ஆண்டு மழையைத் தாங்கிய கூரையின் நடு சற்றுத் தொய்ந்திருக்கும். இரு முனைகளையும் அசைக்காமல் நடுவை மட்டும் ஒரு மயிரிழை இறக்குங்கள். கண்ணுக்கு அருகிலுள்ள தூணுக்குத் தடித்த கோடும், தொலைவிலுள்ளதற்கு மெல்லிய கோடும் வரட்டும். வெயில் நேராக விழும் விளிம்புகளில் கோட்டை அறுத்து விட்டுவிடுவது ஒளியைக் காட்டும். கணினி எந்த விளிம்பையும் விடாமல் கோடிட்டிருப்பதால், இந்த இடங்களை நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடுகளை நிழல் விளிம்பிலும் கூரை ஓரத்திலும் மட்டும் கொத்தாக வரைந்து, மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். உதிர்ந்த காரை, கொடியில் காயும் வேட்டி, சாத்தி வைத்த சைக்கிள் ஆகிய எதுவும் மாதிரியில் இல்லாததால், அவற்றைச் சேர்க்கும்போதுதான் படம் உங்களுடையதாகத் தொடங்கும்.

மை நன்றாகக் காய்ந்தபின் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கிரிட்டாவில் திறந்து 300 டிபிஐ அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தாளிலேயே நீர்வண்ணம் தீட்ட எண்ணினால் அதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிட வேண்டும்; ஈரத்தில் தாள் நெளிந்துவிட்டால் சிலுவைக் குறிகள் பொருந்தா. கோட்டு லேயரை (அடுக்கை), வெள்ளை மறைந்து கோடு மட்டும் தெரியும் மல்டிப்ளை முறையில் மேலே வைத்து, நிழல் படத்தை அதன் அடியில் கொண்டுவந்து, அதன் சாம்பல் நிறத்தைக் கருநீலமாகவோ மங்கிய ஊதாவாகவோ மாற்றுங்கள். அப்படியே விட்டால் நிழலின் கூரிய விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்; நடுங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் பிசிறில்லாத நிழல் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். ஆகவே நிழல் படத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் புது லேயரில் சொரசொரப்பான தூரிகையால் நிழலை மீண்டும் கையால் தீட்டி, தொய்ந்த கூரையின் நிழலையும் அதே அளவு தொய்யவிட்டு, இறுதியில் கணினி தந்த நிழலை அழித்துவிடுங்கள்.