பூட்டிய வீட்டுக்குத் திருட்டு அலாரம்: நாமே பொருத்தும் முறை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் என் தாயார் தனியாக வசிக்கும் வீட்டில் நான் பொருத்திய அலாரம் முதல் மாதத்தில் நான்கு முறை அலறியது. ஒருமுறைகூடக் கள்ளன் வரவில்லை. இரண்டு முறை சென்சார்மேல் ஊர்ந்த பல்லி, ஒருமுறை மேற்கு ஜன்னல் வழியே விழுந்த மாலை வெயில், ஒருமுறை மழையில் ஊதி இடம் மாறிய கதவு. நான்காவது முறை அலறியபோது அக்கம்பக்கத்தார் எவரும் திண்ணைக்குக்கூட வந்து பார்க்கவில்லை. புலி வருது கதைதான். ஆகவே இந்தச் செய்முறையில், காரணமின்றி அலறாமல் அலாரத்தை வைத்திருப்பது எப்படி என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: வீட்டைத் தாளில் வரைதல்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டின் வரைபடத்தைக் கையால் வரைந்து, ஒருவர் உள்ளே வரக்கூடிய எல்லா வழிகளையும் குறியுங்கள். முன்வாசலைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். அடுக்களைக் கதவும் மொட்டைமாடிப் படிக்கதவும்தான் விட்டுப்போகும். நம் மாவட்டத்தில் இன்னும் பல வீடுகள் ஓட்டு வீடுகள், அல்லது பழைய ஓட்டு வீட்டோடு பின்னர் கான்கிரீட் அறைகள் சேர்க்கப்பட்டவை. ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனைக் கதவு சென்சார் எதுவும் கண்டுபிடிக்காது. எந்த வழியாக நுழைந்தாலும் கடந்தே தீர வேண்டிய ஓர் இடம், பெரும்பாலும் நடு அறையோ அறைகளை இணைக்கும் நடைபாதையோ, வீட்டில் இருக்கும். அந்த இடத்துக்கு ஓர் அசைவு சென்சார், வெளிக்கதவுகளுக்கு, அவை திறப்பதை உணரும் காந்த சென்சார் தலா ஒன்று என்று தொடங்குங்கள்.

படி 2: பொருள்களை வாங்குதல்

மூளையாகச் செயல்படும் பேனல், சென்சார்கள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சைரன்கள், பேட்டரி, ஆறு கோர் கேபிள் (உள்ளே ஆறு தனிக் கம்பிகள் கொண்டது), கேபிளை மறைக்கப் பி.வி.சி. கேசிங் ஆகியவை தேவை. கம்பி வழியாகவும் கம்பியில்லாமலும் சென்சார்களை ஏற்கும் பேனலாக வாங்கினால் பின்னால் வருந்த வேண்டியதில்லை. பழைய வீடுகளின் தடித்த கருங்கல் சுவர்களை ஊடுருவும்போது வயர்லெஸ் சென்சாரின் சமிக்ஞை வெகுவாகக் குறையும். எனவே வீட்டுக்குள் கம்பி, தனியாக நிற்கும் கொட்டகைக்கு வயர்லெஸ் என்பது என் தேர்வு. கொட்டகை வரை திறந்த வெளியில் நீளமான கேபிள் இழுத்தால், இடிமின்னல் காலத்தில் அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் பேனலையே எரித்துவிடக்கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அலாரம் அடித்ததும் நம் கைப்பேசியை அழைக்கப் பேனலுக்குள் போடும் சிம் கார்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த பேனல்களில் பெரும்பாலானவை 2ஜி அலைவரிசையில் மட்டுமே வேலை செய்பவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால், அந்தச் சிம்மை அவற்றில் போட்டால் எந்த அழைப்பும் போகாது. 4ஜி பேனல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன்பின், வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதைப் பேனல் வைக்கப்போகும் அறைக்குள்ளேயே கைப்பேசியை வைத்துப் பாருங்கள்.

பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபின் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேனலும் இரண்டு மூன்று சென்சார்களும் சேர்ந்து ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 46 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் 30 மணி நேரத்தை எதிர்பார்க்கலாம். பேனலுக்குள் சிறிய லித்தியம் செல் மட்டும் இருந்தால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

படி 3: பேனலை மாட்டுதல்

வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத, ஆனால் 30 நொடிக்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் உள்ளறைச் சுவரில் பேனலை மாட்டுங்கள். ராவல் பிளக் வைத்துத் திருகும் முன், சுவருக்குள் மின்கம்பி எங்கே போகிறது என்பதை ஸ்விட்ச் போர்டுகளின் இருப்பைக் கொண்டு ஊகித்து, மெயினை அணைத்துவிட்டுத் துளையிடுங்கள். பேனலின் அடாப்டரை இருக்கும் பிளக் பாயின்டில் செருகுவது நம் வேலை. புதிதாக ஒரு பாயின்ட் வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். 12 வோல்ட்டில் தவறு செய்தால் ஒரு சென்சார் போகும், 230 வோல்ட்டில் தவறு செய்தால் ஆளே போகலாம்.

படி 4: காந்த சென்சார்

இதில் இரண்டு துண்டுகள் உண்டு. கம்பி இணைக்கும் துண்டு நிலையிலும், காந்தத் துண்டு கதவிலும், கீல் இல்லாத பக்கத்தின் மேல்மூலையில் வர வேண்டும். பெட்டியில் 15 மில்லிமீட்டர் இடைவெளி வரை வேலை செய்யும் என்று எழுதியிருந்தாலும், நீங்கள் 5 முதல் 8 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதவுகள் பலாவாலோ அயினியாலோ ஆனவை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதால், ஆண்டில் பாதி நாள் மரம் ஊதுவதும் மீதி நாள் சுருங்குவதுமாகவே இருக்கும். பொருத்தியபின் கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாள் அனுமதிக்கும் அளவுக்கு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டத்தில் தொடர்பு விட்டால் காற்றடிக்கும் இரவில் சைரன் ஒலிக்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் உள்ளவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இரும்புக் கிரில் கதவில் காந்தத்தை நேரடியாக ஒட்டினால் இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும். இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டோ மரத்துண்டோ வையுங்கள், அல்லது ஷட்டருக்கென்று விற்கும் பெரிய சென்சாரை வாங்குங்கள்.

கம்பி இணைக்கும் முன் மல்டிமீட்டரால் சோதியுங்கள். கதவு மூடியிருக்கையில் தொடர்பு இருக்க வேண்டும், திறந்தால் அறுபட வேண்டும். பெட்டிகளில் அச்சிடும் பெயர் ஆளுக்கொரு விதமாக இருப்பதால், அதை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஒரே பகுதியில் (பேனல் தனியாகக் கண்காணித்துக் காட்டும் இடம், ஆங்கிலத்தில் zone) பல ஜன்னல்கள் இருந்தால் அவற்றின் சென்சார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கலாம்.

பேனலோடு வரும் சிறிய ரெசிஸ்டர்களை எறிந்துவிடாதீர்கள். அவை கம்பியின் கடைசி முனையில், அதாவது சென்சார் பக்கத்தில், வர வேண்டியவை. பேனல் அந்த ரெசிஸ்டரின் மதிப்பை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். கம்பியை வெட்டினால் மதிப்பு எல்லையற்றதாகும், இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்தால் சுழியாகும், இரண்டிலும் அலாரம் அடிக்கும். வேலை எளிது என்று ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே திருகிவிட்டால் (நான் முதலில் அப்படித்தான் செய்தேன்), யாராவது வெளியே கம்பிகளைச் சேர்த்துவிட்டாலும் பேனலுக்குத் தெரியாது. பயன்படுத்தாத பகுதிகளுக்கு மட்டும், பேனலில் உள்ள அவற்றின் முனைகளிலேயே ரெசிஸ்டரை மாட்டிவிடுங்கள்.

படி 5: அசைவு சென்சார்

பி.ஐ.ஆர். எனப்படும் இந்தச் சென்சார் அசைவை நேரடியாகப் பார்ப்பதில்லை. தன் பார்வைக்குள் அகச்சிவப்பு வெப்பம் இடம் மாறுவதையே உணர்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எங்கே வைப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். தரையிலிருந்து 7 முதல் 8 அடி உயரத்தில், அறையின் மூலையில், வருபவர் அதன் குறுக்கே நடக்கும்படி வையுங்கள். நேராக அதை நோக்கி நடந்து வருபவரை அது தாமதமாகவே உணரும். வெயில் விழும் ஜன்னல், ஃபிரிட்ஜின் பின்புறம், அடுப்பு ஆகியவற்றை அது பார்க்கக்கூடாது. ரப்பர் ஷீட்டைத் திருடுவோருக்கு அஞ்சி, ஷீட்டைப் புகையின் சூட்டில் உலர்த்தும் புகைப்புரைக்குள் இதை வைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, அதன் கதவுக்குக் காந்த சென்சார் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டின் கீழ் அறை வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது சென்சாரின் கூர்மை குறையும் என்பதால், ஓட்டு அறையில் இதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

பல்லிக்கு மருந்து சிலிகான் பசை. சென்சாரின் பின்புறம் கம்பி நுழையும் துளையையும் சுவரோடு சேரும் விளிம்பையும் அதனால் அடைத்தால் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறாது. லென்ஸின்மேல் ஊர்வதை முழுதாகத் தடுக்க வழியில்லை. ஆனால் டியூப் லைட் அருகே சென்சாரை வைக்காமலிருந்தால், பூச்சி தேடி வரும் பல்லிகள் வெகுவாகக் குறையும். துடிப்பு எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை உணர்ந்தபின் சென்சார் தகவல் தர வேண்டும் என்பதை, 1-லிருந்து 2-க்கு மாற்றும் வசதி சில சென்சார்களில் ஜம்பராக (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) இருக்கும். அதை மாற்றியதும் என் தாயார் வீட்டில் பல்லித் தொல்லை நின்றது.

படி 6: சைரன், எண்கள், நேரம்

வெளிச் சைரன் ஏணியில்லாமல் எட்டாத உயரத்தில், சன்ஷேடின் கீழ், கம்பி வெளியே தெரியாதபடி இருக்க வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். ஈயம் பூசிய கம்பியாகப் பார்த்து வாங்கி, இணைப்புகளில் வாசலின் தடவுங்கள்.

வெளியேற 60 நொடி, உள்ளே வந்து அணைக்க 30 நொடி, சைரன் ஒலிக்க 3 நிமிடம் என்று அமையுங்கள். பேனலோடு வரும் 1234 போன்ற கடவு எண்ணை அன்றே மாற்றுங்கள். அழைப்பு எண்களில் முதலாவது, சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருடையதாக இருக்கட்டும். துபாயில் இருக்கும் மகனின் எண்ணை முதலில் போடும் வழக்கம் இங்கே உண்டு. நள்ளிரவில் அவர் பதறி எழுந்து, அதே பக்கத்து வீட்டாரைத்தான் அழைப்பார்.

படி 7: சைரன் இல்லாத ஒரு வாரம்

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு சென்சார் முன்னும் நடந்தும் ஒவ்வொரு கதவைத் திறந்தும் பேனலில் சரியான பகுதி காட்டப்படுகிறதா என்று பாருங்கள். அதன்பின் சைரன் கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டு, 7 நாள்கள் கைப்பேசிச் செய்தியோடு மட்டும் ஓட்டுங்கள். எந்த நேரம், எந்தச் சென்சார் என்று குறித்து வந்தால் குற்றவாளி தானாகச் சிக்கும். தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரே சென்சார் பேசினால் அது வெயில். தொடர்ந்து மூன்று நாள் அமைதியாகக் கழிந்தபின்தான் சைரனை இணைக்க வேண்டும்.

பிறகு மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் நேரத்தில், பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டு ஒருமுறை அலறவிடுங்கள். பேட்டரியை மூன்று ஆண்டுக்கொருமுறையும், வயர்லெஸ் சென்சார் செல்களை ஆண்டுக்கொருமுறையும் மாற்றுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்யும் தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். பல நாள்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால், உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அலாரம் அடித்தால் பக்கத்து வீட்டார் தனியாக உள்ளே நுழையாமல், வெளியே நின்று விளக்கைப் போட்டுவிட்டு 100-க்கோ 112-க்கோ அழைக்க வேண்டும் என்பதையும் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.