எல்லோரும் கொண்டாடும் படத்தைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்வது எப்படி?

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் போனை எடுக்காதீர்கள். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அப்புறம். முதலில், மனதில் தங்கிய ஒரே ஒரு காட்சியைக் குறித்து வையுங்கள். நான் டிக்கெட்டின் பின்பக்கத்தில்தான் கிறுக்குவேன். எதுவுமே நினைவுக்கு வரவில்லையா? சரி, அதுவும் ஒரு விமர்சனம்தான்.

அடுத்து, அந்தக் காட்சி ஏன் தங்கியது என்று தோண்டுங்கள். 1975-இல் வந்த 'ஜாஸ்' (Jaws) என்ற சுறா படம் எனக்கு உயிர். சுறாவுக்காகத்தான் பிடிக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருமுறை டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பயம் பாதியாகிவிட்டது. இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டவில்லை. பல இடங்களில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள்தான் சுறாவாக நீந்துகின்றன. "சூப்பர் படம்" என்பதைவிட இப்படிக் காரணத்தோடு சொன்னால் எதிரில் இருப்பவர் காது கொடுப்பார்.

பிடிக்காத படத்துக்கும் இதே வழிதான். 11 ஆஸ்கர் வாங்கிய 'டைட்டானிக்' எனக்குக் கப்பல் மோதிய பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை ஓடும் காதலில் கொட்டாவிதான். இதைச் சொல்லி நண்பனிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். "எனக்கு" என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். ரசித்தவரைச் சீண்டவும் வேண்டாம்.

சந்தேகமிருந்தால் சில வருடம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய டிக்கெட் ஒன்றில் 'இழுவை' என்று கிறுக்கியிருந்த படத்தைப் போன மாதம் பார்த்தேன். இரண்டு முறை.